பச்சைக் கவர் வேண்டாம், கவரைக் குறையுங்கள்: சீன உள்ளாடைத் தொழிலுக்கு ஒரு திறந்த மடல்

குராவ், சென்டியான், யான்பு, குவான்யுன் ஊர்களில் பிராவும் ஜட்டியும் தைத்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகிற முதலாளிகளுக்கும், அவர்களுக்குக் கவர், பெட்டி, டேக் செய்து கொடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். மலேசியாவில், கிள்ளானில், பெண்கள் உள்ளாடைக் கடை வைத்திருக்கிறேன். சின்னக் கடைதான். உங்கள் ஊர்ச் சரக்கு குவாங்சோ ஏஜன்ட் வழியாகக் கப்பலேறி வருகிறது, நான் பிரித்து விற்கிறேன். தமிழில் எழுதினால் அவர்களுக்கு எப்படிப் புரியும் என்று யாராவது கேட்கலாம். உங்கள் சேல்ஸ் பிள்ளைகள் என்னோடு பேசுவதே போனில் மொழிபெயர்த்துத்தான். ராத்திரி எந்நேரம் கேட்டாலும் ‘டியர்’ என்று ஆரம்பித்துப் பதில் போடுகிறவர்களுக்கு இந்த மடலை மொழிபெயர்ப்பது ஒரு வேலையே இல்லை. அது போக, இதைப் படிக்க வேண்டியவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், உங்களிடம் சரக்கு எடுக்கிற என்னைப் போன்ற கடைக்காரர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச காலமாக உங்கள் கேட்டலாக்கில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் ஒரு பச்சை இலை. சுற்றுச்சூழலுக்கு உகந்த பேக்கிங் என்று ஒரு வரி. நல்லதாகப் போயிற்று என்று அதையே கேட்டு வாங்கினேன். வந்ததைப் பிரித்தால், முன்பு இருந்த அத்தனை கவரும் அப்படியே இருக்கிறது, பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. சாதா பாலித்தீன் இருந்த இடத்தில் மக்கும் பாலித்தீன். வெள்ளை அட்டை இருந்த இடத்தில் பழுப்பு அட்டை. இதெல்லாம் இயற்கைக்கு எவ்வளவு நல்லது என்று விளக்கிச் சொல்ல ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தனி அட்டை வேறு, பளபளவென்று லேமினேஷன் போட்டு! அந்த அட்டை கிழிக்கக்கூட வரவில்லை.

ஒரு பிரா என் கைக்கு எப்படி வந்து சேருகிறது என்று சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனால் நீங்கள் போடுகிற பக்கம், நான் பிரிக்கிற பக்கம். முதலில் ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி. உள்ளே பெட்டி அளவுக்கு ஒரு பெரிய பாலித்தீன் பை. அதற்குள் ஒவ்வொரு பிராவுக்கும் தனித்தனியாக அந்த மங்கல் நிற ஜிப் கவர், தொட்டால் மெத்தென்று இருக்குமே, மேலே தொங்கவிட ஒரு ஓட்டை வைத்து, பிராண்டு பெயரை வெள்ளை மையில் அடித்து. ஜிப்பைத் திறந்தால் பிராவுக்குப் பின்னால் விறைப்புக்கு ஒரு அட்டை. இரண்டு கப்பும் நசுங்காமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் அச்சு, அல்லது உருட்டித் திணித்த டிஷ்யூ பேப்பர். ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட். மாற்று ஸ்ட்ராப் ஒரு ஜோடி, அது தனியாக ஒரு குட்டிக் கவரில். டேக் இரண்டோ மூன்றோ, அதைக் கோக்க முத்திரை வைத்த கயிறு. சைஸ் ஸ்டிக்கர். செட்டாக வந்தால் ஜட்டிக்கு இன்னொரு கவர். மெல்லிய லேஸ் பிரா ஒன்றை ஒரு தட்டிலும் அதோடு வந்த சாமானை இன்னொரு தட்டிலும் வைத்துத் தராசில் பார்த்தேன், சாமான் இருந்த தட்டு கீழே போயிற்று.

குவான்யுன்காரர்கள் கதை இன்னும் ஒரு படி மேல். ஜியாங்சு மாகாணத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாவட்டம், இளைஞர்கள் இணையத்தில் விற்க ஆரம்பித்து, இன்று கவர்ச்சி உள்ளாடை என்றாலே அந்த ஊர்ப் பெயரைச் சொல்கிற அளவுக்கு வந்திருக்கிறது. அதில் எனக்கு மரியாதைதான். ஆனால் உள்ளங்கையில் சுருட்டி மூடிக்கொள்ளலாம், அவ்வளவு துணி. அதற்குக் காந்தம் வைத்த மூடியோடு ஒரு பெட்டி, பெட்டியில் பிளாஸ்டிக் ஜன்னல், உள்ளே நறுக்கிய வண்ணக் காகிதம், சாட்டின் ரிப்பன். பரிசாகக் கொடுக்கிறவர்களுக்கு வேண்டுமாம். சரி, பரிசுக்கு என்று கேட்கிறவருக்குக் கொடுங்கள். தனக்கென்று வாங்கிக்கொள்கிற பெண்ணுக்கு எதற்கு அந்தப் பெட்டி? அவள் அதை வீட்டில் எங்கே வைப்பாள், யார் கண்ணிலும் படாமல் எப்படித் தூக்கிப் போடுவாள் என்று யாராவது யோசித்தீர்களா?

எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கடை நடத்துகிறவளுக்குக் கவரின் அருமை தெரியும். குராவும் சென்டியானும் இருக்கிற சான்டோவ் கடலோர ஊர், ஈரக் காற்று. அங்கே அடைத்த கன்டெய்னர் கடலில் பகல் முழுக்கச் சூடாகி ராத்திரி குளிரும்போது, உள்ளே இருக்கிற ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கோத்துச் சரக்கின் மேலேயே சொட்டும். பூஞ்சை பிடித்த பிராவை யார் வாங்குவார்? அதனால் பெட்டிக்குள் அந்தப் பெரிய பை வேண்டும், ஈரம் உறிஞ்சுகிற பாக்கெட்டும் வேண்டும். ஆனால் அது பெட்டியோடு நிற்க வேண்டிய வேலை. பெட்டிக்கு ஒன்றிரண்டு பெரிய பாக்கெட் போட்டால் முடிந்தது. பிராவுக்கு ஒன்று என்று போட்டு, அதை நானும் என் கடையில் வேலை செய்கிற அக்காவும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, குழந்தைகள் கையில் படாமல் அப்புறப்படுத்துவது எதற்கு? பூஞ்சைக்கு என்று எதையாவது போட்டுவிட்டால் போதும் என்கிற புத்தி எங்கே கொண்டு விடும் என்பதற்கு உங்கள் நாட்டிலிருந்து போன சோபாக்களும் செருப்புகளும் ஏற்கெனவே பட்ட பாடே சாட்சி. பாக்கெட்டில் போட்ட பூஞ்சைக்கொல்லியால் ஐரோப்பாவில் பலருக்குத் தோல் வெந்து, 2009-இல் டைமெத்தில் ஃபியூமரேட் என்கிற அந்தப் பூஞ்சைக்கொல்லி உள்ள எந்தப் பொருளும் விற்கக்கூடாது என்று தடையே போட்டார்கள்.

அப்புறம் கப். ஃபோமைச் சூட்டில் அழுத்தி உருவாக்கிய கப், ஒரு தடவை மடிந்தால் அந்தத் தடம் போகாது, எனக்குத் தெரியும். ஆனால் கிண்ணம் அடுக்குவதுபோல் ஒரே சைஸ் பிராக்களைக் கப்புக்குள் கப்பாக வரிசையாக அடுக்கினால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும். தனி அச்சு வேண்டாம், தனி அட்டை வேண்டாம், பெட்டிக்குள் இடமும் மிச்சம். இது நான் கண்டுபிடித்ததா என்ன? மொத்தச் சரக்காக அனுப்பும்போது உங்கள் ஆட்களே அப்படித்தான் அடுக்குகிறார்கள். ‘அழகான பேக்கிங்’ என்று கேட்டலாக்கில் போட்டதற்குத்தான் இந்த அலங்காரமெல்லாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் நாட்டு யூப்ராஸ் நிறுவனம் ஒரே சைஸ் பிராவைப் பிரபலமாக்கியதே, கம்பி இல்லாமல், விறைப்பான கப் இல்லாமல், இழுத்தால் நீளுகிற துணியில். அது எல்லோர் உடம்புக்கும் சரியாக வருமா என்பது வேறு பேச்சு, பெரிய மார்புள்ளவர்கள் அதைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் பேக்கிங் என்று பார்த்தால், அந்த மாதிரி பிராவைக் கைக்குட்டை மாதிரி மடித்து வைத்துவிடலாம், உள்ளே அச்சு, அட்டை எதுவும் தேவைப்படாது. எவ்வளவு கவர் வேண்டும் என்பது பாதிக்கு மேல் டிசைன் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. கவர் செய்கிறவரிடம் போய் இலைப் படம் அச்சடிக்கச் சொல்வது எல்லாம் அதற்குப் பிறகு நடக்கிற காரியம்.

சுத்தம் என்று ஒரு காரணம் சொல்வீர்கள். ஜட்டியின் அடியில் ஒட்டுகிறீர்களே ஒரு ஸ்டிக்கர், அது தேவை, அதை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆனால் ஜிப் கவர் சுத்தத்துக்கு என்று சொல்லாதீர்கள். கவரைத் திறக்காமல், கப்பை அமுக்கிப் பார்க்காமல், ஸ்ட்ராப்பை இழுத்துப் பார்க்காமல் பிரா வாங்கின பெண்ணை என் கடையில் நான் பார்த்ததே இல்லை. காலையில் மூடியிருந்த கவர் சாயங்காலத்துக்குள் நாலு பேர் கை பட்டுத்தான் கிடக்கும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், விற்கிறவர்கள் அந்தச் சிரமமும் வைத்துக்கொள்வதில்லை. லோரியிலிருந்து இறக்கினதும் மொத்தக் கவரையும் உருவிப் பின்னால் குவித்துவிட்டு, பிராவைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். நீங்கள் மெனக்கெட்டுப் பெயர் அச்சடித்த கவரை வாடிக்கையாளர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு வேறு கணக்கு. வீட்டில் மாமியார் வாங்கி வைப்பார், ஆபீஸில் காவலாளி வாங்கி வைப்பார், உள்ளே என்ன என்று வெளியே தெரியக்கூடாது. அது நியாயம். அதற்கு ஒளி புகாத ஒரே ஒரு வெளிக்கவர் போதும், வெளியே பொருள் பெயர் எழுதாமல் இருந்தாலும் போதும். மூடி மறைக்க வேண்டியதை ஒரு கவரே மறைத்துவிடும்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பிளாஸ்டிக்கை எடுங்கள் என்று சொன்னதும் எல்லோரும் ஓடுவது பழுப்புக் காகிதத்துக்குத்தான். ஒரு சப்ளையர், பெயர் வேண்டாம், வெள்ளையும் தோல் நிறமுமாக ஒரு பெட்டிச் சரக்கைப் பிளாஸ்டிக்கே இல்லாமல் மறுசுழற்சி அட்டை உறையில் போட்டு அனுப்பினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், அட்டை தொட்டுக்கொண்டிருந்த ஓரமெல்லாம் லேசான மஞ்சள். பழைய சரக்கா என்று வாடிக்கையாளர் கேட்கிறார். சப்ளையர் என் கடையில் வெயில் பட்டிருக்கும் என்கிறார். வெயிலில் வந்த மஞ்சள் இல்லை அது. மறுசுழற்சி அட்டையில், மரத்துக்கு உறுதி கொடுக்கிற லிக்னின் என்கிற பொருள் மிச்சம் இருக்கும், அதிலிருந்து வெனிலின் மாதிரியான பீனால் வகைப் பொருள்கள் மெல்லக் கசியும். காற்றில் இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடு, வண்டிப் புகையிலிருந்து வருவது, அதோடு சேர்ந்தால் நைலான், ஸ்பான்டெக்ஸ் துணியில் மஞ்சள் ஏறும். பாலித்தீன் கவர் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம், பிளாஸ்டிக் கெடாமல் இருக்க அதில் சேர்க்கிற பி.எச்.டி. (BHT) என்கிற பொருளும் இதே வேலையைத்தான் செய்யும், அதனால்தான் விவரம் தெரிந்த பிராண்டுகள் பி.எச்.டி. இல்லாத கவர் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குகிறார்கள். இதற்கென்று ஐ.எஸ்.ஓ. சோதனை முறைகூட இருக்கிறது, உங்கள் ஆய்வகங்களுக்கு நன்றாகத் தெரியும். வேடிக்கை என்னவென்றால் இந்த மஞ்சள் வெயிலில் போட்டால் பெரும்பாலும் மங்கிவிடும். புது பிராவைக் கொடியில் காயப்போட்டு எடுத்து விற்கிற கடை எதாவது இருந்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மஞ்சள் ஏறின பிரா என்ன ஆகும்? கழிவு விலைக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்கு. பருத்தி, நைலான், சாயம், தண்ணீர், தையல்காரப் பெண்ணின் உழைப்பு என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு கவரை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு பிராவையே வீணாக்குவது சுற்றுச்சூழலுக்குச் செய்கிற நன்மை இல்லை. கருப்புக்கும் அடர் நிறத்துக்கும் காகிதம் தாராளமாகப் போடுங்கள். வெள்ளைக்குப் போடுவதென்றால் அந்தக் காகிதத்தைத் துணியோடு சேர்த்து முதலில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

மக்கும் கவர் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம். அந்தச் சோள இலைப் படம் போட்ட கவர்களில் பெரும்பாலும் இருப்பது பி.எல்.ஏ. (PLA), பி.பி.ஏ.டி. (PBAT) என்கிற இரண்டு மக்கும் வகைகளும் கலந்த பிளாஸ்டிக். அது மக்கும், பொய் இல்லை. எங்கே மக்கும்? ஐம்பது அறுபது டிகிரி சூடும் ஈரமும் பிடித்து வைக்கிற உர ஆலையில். கிள்ளானில் என் கடைக்குப் பின்னால் வருகிற குப்பை லோரி அப்படி எந்த ஆலைக்கும் போவதில்லை, குப்பை மேட்டுக்குப் போகிறது. உங்கள் நாட்டில் மட்டும் என்ன, வீட்டுக் குப்பையில் பெரும்பகுதியை எரித்து மின்சாரம் எடுக்கிறீர்கள். எரிகிற அடுப்புக்கு மக்கும் பிளாஸ்டிக்கும் ஒன்றுதான், மக்காத பிளாஸ்டிக்கும் ஒன்றுதான். மறுசுழற்சிக்குப் போடலாம் என்றால் சாதா பாலித்தீனோடு இது கலந்துவிட்டால் அந்தக் குவியலே தரம் கெடும். மேட்டில் மக்காத அந்தக் கவர், ஈரமும் வெக்கையும் சேர்ந்த என் ஸ்டோர் ரூமில் மட்டும் ஒரு வருஷத்துக்குள் பிசுபிசுத்து, தொட்டால் கிழிகிற நிலைக்கு வந்துவிடுகிறது. மக்க வேண்டிய இடத்தில் மக்காது, மக்கக்கூடாத இடத்தில் மக்கும். நல்ல சரக்கு!

இதை விடக் கேவலம், ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துத் தானாகவே துண்டு துண்டாக உதிரச் செய்கிற கவர். அது மக்கவில்லை, பொடியாகிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகைப் பொருள்களை 2021 ஜூலையிலிருந்து சந்தையிலேயே விடுவதில்லை. உங்கள் நாட்டுத் தரக்கட்டுப்பாடும் மக்கும் பிளாஸ்டிக் என்றால் எது, அதில் எந்த முத்திரை இருக்க வேண்டும் என்று 2022 ஜூனிலிருந்து தெளிவாகச் சொல்லிவிட்டது, இரண்டு ‘ஜே’ எழுத்து சேர்ந்த அடையாளம். எனக்கு வருகிற இலைப் படக் கவரில் அந்த அடையாளம் இருந்து நான் பார்த்தது அபூர்வம். இலை மட்டும் இருக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்டால், கிள்ளானிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் ஜெஞ்சாரோம் என்று ஒரு ஊர் இருக்கிறது, கோலலங்காட் பக்கம். 2018 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை வாங்க மாட்டோம் என்று உங்கள் அரசு கதவைச் சாத்தியது. சரியான முடிவு, குறை சொல்ல மாட்டேன், எத்தனை வருஷம் நீங்கள் மற்றவர் குப்பையைச் சுமந்தீர்கள். ஆனால் அந்தக் குப்பை கப்பலைத் திருப்பி எங்கள் பக்கம் வந்தது. ஜெஞ்சாரோமைச் சுற்றி அனுமதியில்லாத மறுசுழற்சிப் பட்டறைகள் முளைத்தன, கழித்துப் போட்டதை ராத்திரியில் எரித்தார்கள், அந்த ஊர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமிக்கொண்டு கிடந்தார்கள். 2019-இல் எங்கள் அரசு கன்டெய்னர் கன்டெய்னராகக் குப்பையை அனுப்பிய நாடுகளுக்கே திருப்பி அனுப்பியது செய்தியில் எல்லாம் வந்தது. அந்தக் குவியலில் இருந்தது பெரும்பாலும் என்ன தெரியுமா? பை, உறை, படலம். மை அடித்தது, ஜிப் வைத்தது, இரண்டு மூன்று பிளாஸ்டிக் சேர்த்து ஒட்டியது, யாராலும் லாபமாக உருக்க முடியாதது. உங்கள் மங்கல் நிற ஜிப் கவர் அச்சாக அந்தச் சாதி.

உங்களுக்கு இது புரியாமல் இருக்க வழியில்லை. குராவ் இருக்கிற அதே சாவோயாங் மாவட்டத்தில்தான் குயியூ இருக்கிறது. உலகத்தின் பழைய கம்ப்யூட்டரையும் டிவியையும் உடைத்து, பலகையைச் சுட்டு, அமிலத்தில் கழுவி, ஊரே நாசமாகிப் பேர் வாங்கிய இடம். 2015 வாக்கில்தான் அதை ஒரு தொழிற்பூங்காவுக்குள் கொண்டுபோனார்கள். அந்தப் பகுதியில் ஓடுகிற லியான் ஆறு குவாங்டொங் மாகாணத்திலேயே மிக மோசமான ஆறுகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. 2010-இல் கிரீன்பீஸ் என்கிற சுற்றுச்சூழல் அமைப்பு குராவ் பக்கத்து நீரையும் சேற்றையும் எடுத்துச் சோதித்து அதில் கனஉலோகங்கள் இருப்பதை வெளியிட்டபோது, பிராவுக்குப் பின்னால் இப்படி ஒரு ஆறு இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் தெரிந்தது. அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் ஆய்வுக்குழு வந்து உலுக்கிய பிறகு, 2019 தொடக்கத்தில் அங்கே சிதறிக் கிடந்த சாயப்பட்டறைகளை நிறுத்தி, பொதுச் சுத்திகரிப்பு உள்ள தொழிற்பூங்காவுக்குள் போனால்தான் தொழில் என்று ஆக்கிவிட்டார்கள். முடியாது, தொழில் செத்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். தொழில் சாகவில்லை, எனக்கு மாசாமாசம் சரக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. சாயத்தையே கட்டுப்படுத்திய ஊருக்கு ஒரு ஜிப் கவரை எடுப்பது மலையா?

உங்கள் அரசும் சும்மா இல்லை. 2024-இல் மட்டும் உங்கள் நாட்டில் 17,000 கோடிக்கு மேல் கூரியர் பார்சல். அந்த மலையைப் பார்த்துப் பயந்துதான் வரிசையாகச் சட்டம் வருகிறது. 2020-இலேயே சொன்னார்கள், 2025 முடிவுக்குள் நாடு முழுக்கக் கூரியர் மையங்களில் மக்காத பிளாஸ்டிக் பையும் டேப்பும் கூடாது என்று. 2024 ஜூனிலிருந்து கூரியர் பேக்கிங்கில் ஈயம், காட்மியம் போன்றவற்றுக்குக் கட்டாய வரம்பு. 2025 ஜூனிலிருந்து கூரியர் விதிகளிலேயே பேக்கிங்குக்குத் தனி அத்தியாயம். ஆனால் எல்லாம் வெளிக்கவரைப் பற்றி. உள்ளே நீங்கள் போடுகிற ஏழெட்டுச் சாமானை யாரும் கேட்பதில்லை. அளவுக்கு மீறிய பேக்கிங் கூடாது என்று உணவுக்கும் அழகுசாதனத்துக்கும் கட்டாயத் தரம் இருக்கிறது, மூன்கேக் என்கிற உங்கள் பண்டிகைப் பலகாரத்துக்கு 2022 ஆகஸ்டிலிருந்து மூன்று அடுக்குக்கு மேல் கூடாது. மூன்கேக்குக்கு மூன்று! உள்ளாடை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் மேலே இலைப் படம் ஒட்டிவிட்டு உள்ளே இஷ்டத்துக்கு அடுக்க முடிகிறது. உங்கள் சங்கங்களே போய்த் துணிமணிக்கும் அடுக்கு வரம்பு வையுங்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்? சிரிக்கிறீர்கள், தெரியும். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி வந்தால், பக்கத்துக் கடைக்காரன் ரிப்பன் கட்டுகிறான், நானும் கட்ட வேண்டியிருக்கிறது என்கிற போட்டிச் செலவு உங்களுக்குத்தான் குறையும்.

ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். ஜெர்மனியில் 2022 ஜூலையிலிருந்து பேக்கிங் பதிவு இல்லாதவர்களை இணையச் சந்தைகள் விற்கவே விடக்கூடாது. புது ஐரோப்பிய பேக்கிங் சட்டம் 2026 ஆகஸ்டிலிருந்து அமல், 2030-இலிருந்து பார்சலில் காலி இடம் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது, அந்தக் காலி இடத்தில் காகிதத்தைத் திணித்தாலும் அது காலி இடமாகத்தான் கணக்கு. ஆக, அவர்களுக்கு நீங்கள் எப்படியும் குறைக்கத்தான் போகிறீர்கள். என் பயமெல்லாம், அவர்களுக்கு மெலிந்த பெட்டி, எங்களுக்கு, இந்தோனேசியாவுக்கு, ஆப்பிரிக்காவுக்கு அதே பழைய பெட்டி என்று இரண்டு வரிசை ஆகிவிடுமோ என்பதுதான். மிச்சமாகிப் போன ஜிப் கவர் ஸ்டாக்கை எங்கள் சரக்கில் தள்ளிவிட மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்? சட்டம் இல்லாத ஊருக்கு ஒரு பேக்கிங், இருக்கிற ஊருக்கு ஒரு பேக்கிங் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

வாங்குகிற நாங்கள் யோக்கியர்களா என்றால், அதுவும் இல்லை. பேரம் பேசும்போது துணியைத் தொட்டுப் பார்க்கிறோமோ இல்லையோ, கவரைத் தொட்டுப் பார்த்து ‘நல்லா இருக்கே, பிராண்டு மாதிரி இருக்கே’ என்கிற கடைக்காரர்கள் இங்கே நிறைய. சுமாரான பிராவை ஜிப் கவரில் போட்டால் சில ரிங்கிட் கூட்டி விற்கலாம் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த ஆசையை நீங்கள் கண்டுகொண்டீர்கள், அவ்வளவுதான். ஆனால் இப்போது காலம் மாறுகிறது. கல்லூரிப் பெண்கள் வந்தால் கல்லாவிலேயே பிராவை உருவிக்கொண்டு, ‘ஆன்ட்டி, கவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கல்லாவுக்குக் கீழே அந்தக் கவர்கள் ஒரு மூட்டை இருக்கிறது. கொத்தமல்லி போட்டு வைக்கிறோம், மசாலா போட்டு வைக்கிறோம், எவ்வளவுதான் போடுவது.

கவர் வேண்டாம் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், கவர் இல்லாமல் வேண்டுமென்றால் விலை கூடும் என்று பதில் வந்தது! ஸ்டாக் சரக்கு எல்லாம் ஏற்கெனவே கவரில் இருக்கிறதாம், பிரித்து எடுக்க ஆள் கூலியாம். புதிதாகக் கவர் இல்லாமல் தைத்துத் தர வேண்டுமென்றால் என் மாதிரிச் சின்னக் கடை வாழ்நாள் முழுக்க விற்றாலும் தீராத அளவுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பெண் பாவம், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்குக் கொடுத்த விலைப் பட்டியல் அப்படி. ஒரு பொருளைச் சேர்த்தால் இலவசம், எடுத்தால் காசு என்று ஒரு தொழில் ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை இலைப் படம் போட்டும் பிரயோசனம் இல்லை.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. கடைக்குப் போகிற சரக்கை டஜன் கணக்கில், கப்புக்குள் கப்பாக அடுக்கி, டஜனுக்கு ஒரே ஒரு சாதா பாலித்தீன் பையில் போட்டு அனுப்புங்கள். மை அடிக்காத, ஜிப் இல்லாத, ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த, பி.எச்.டி. கலக்காத பை. அதை நான் பிரித்துச் சேர்த்து வைத்தால் எங்கள் ஊர்ப் பழைய சாமான்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார், ஜிப் கவரை அவர் கையால் தொட மாட்டார். டேக் ஒன்று போதும், சைஸ், துணி விவரம், துவைக்கிற முறை எல்லாம் ஒரே டேக்கில் அடங்கும். மாற்று ஸ்ட்ராப்பை ஹூக்கிலேயே மாட்டி விடலாம், அதற்குத் தனிக் கவர் தேவையில்லை. ஹேங்கர் வேண்டாம், ஒவ்வொரு கடையிலும் வேண்டிய மட்டும் கிடக்கிறது. உங்களிடம் மிச்சம் இருக்கிற பழைய கவர் ஸ்டாக்கை எரிக்க வேண்டாம், தீரும் வரை பயன்படுத்திவிட்டு, புதிதாக அச்சடிக்காமல் இருந்தால் போதும். பரிசுப் பெட்டியைத் தனிப் பொருளாக, தனி விலையில் விற்றுக்கொள்ளுங்கள், வேண்டியவர் வாங்குவார்.

தீபாவளிச் சரக்குக்கு ஆகஸ்ட் வாக்கில் ஆர்டர் போடுவேன், எங்கள் வரிசையில் இன்னும் சில கடைகளும் என்னோடு சேர்ந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் சேர்ந்தால் நீங்கள் கேட்கிற குறைந்தபட்ச அளவுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும். அதற்கு முன்னால் அனுப்பப் போகிற விலைப் பட்டியலில் ஒரே ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்து அனுப்புங்கள்: ஜிப் கவரோடு இன்ன விலை, டஜன் பையில் இன்ன விலை. இரண்டாவது விலை முதல் விலையை விடக் கொஞ்சமாவது குறைவாக இருக்க வேண்டும். பச்சை இலை அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து உங்கள் சரக்கை வாங்கி விற்கிற ஒரு கடைக்காரி